மெமரி கார்டில் ஏறிய பாட்டு

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போலகம் என்ற ஊரிலிருந்து வடக்கே காரைக்காலுக்குப் போனாலும் தெற்கே நாகூருக்குப் போனாலும், தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே, பாட்டு வாங்க கேசட் கடையைத் தேட வேண்டியதில்லை. செல்போன் கடையில் நகத்தளவு மெமரி கார்டை நீட்டினால் போதும். நாகூர் அனிபாவும் இளையராஜாவும் ஒன்றாக அதில் ஏறிவிடுவார்கள்.

இத்தனை பாட்டு எப்படி அடங்கியது? சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 50 எம்பி பிடிக்கும். 2 ஜிபி கார்டில் நாற்பது பாட்டுதான் கொள்ளும். ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய எம்பி3 முறை அதே பாட்டை 5 எம்பிக்குள் சுருக்கியது. நாற்பது நானூறானது.

சூட்சுமம் நம் காதில் இருக்கிறது. நாகஸ்வரம் உச்சத்தில் முழங்கும்போது, அதை ஒட்டிய சுருதியில் இழையும் மெல்லிய ஒலி நமக்குக் கேட்பதில்லை. தவிலில் ஓங்கி ஓர் அடி விழுந்தால், அடுத்த கணத்துச் சிறு சத்தங்களும் அதில் மறைந்துபோகும். எம்பி3 இப்படிக் கேட்காத ஒலிகளில் சிலவற்றை விட்டுவிடுகிறது, மற்றவற்றைத் துல்லியம் குறைத்துப் பதிகிறது. மனிதச் செவியை இவ்வளவு நுட்பமாகப் படித்துச் செய்த கருவிகள் அபூர்வம்.

கோப்பு சிறுத்ததும் வியாபாரம் பெருத்தது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரல் 28-இல் திறந்தது. பாட்டுக்கு 99 சென்ட் விலை. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது. இந்தியாவுக்கு அது 2012 டிசம்பரில்தான் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய பிளிப்கார்ட்டின் ‘பிளைட்’ என்ற இணையப் பாட்டுக் கடை 2013 ஜூனிலேயே மூடப்பட்டது. திருட்டுப் பதிவும், சில்லறைத் தொகையை இணையத்தில் செலுத்தும் சிரமமுமே அதை முடக்கின.

இங்கே காசு பார்த்தது காலர் டியூன். மாதம் முப்பது ரூபாய் போல ரீசார்ஜ் பணத்திலிருந்தே கழிந்தது. வங்கி அட்டை தேவைப்படவில்லை. பாட்டுக்குக் காசு தர நம் மக்கள் தயங்கவில்லை, தருவதற்கு எளிய வழிதான் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

கார்டில் ஏற்றித் தந்த கடையில் நாம் கொடுத்த காசு பெரும்பாலும் பாடியவரையோ இசையமைத்தவரையோ சேரவில்லை. இன்று யுபிஐயில் ஒரு ரூபாய்கூட அனுப்பலாம். பிடித்த பாட்டை உரிமையோடு விற்பவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள்.