காற்றடி காலமும் கானாங்கெளுத்தி மீனும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆனி பிறந்தாலே மேல்காற்று தொடங்கிவிடும். ஆடியில் அது உச்சத்தை எட்டும். ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்ற பழமொழியின் பொருளை இவ்வட்டார விவசாயிகளுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், காற்று ஓயும் வேளை பார்த்து மருந்து தெளிப்பதும் அவர்கள் ஆண்டுதோறும் செய்து வரும் வேலைகள்தாம். ஆனால் இதே காற்று கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சென்று தூத்துக்குடிக் கடலில் இறங்கும்போது அங்கு என்ன செய்கிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சந்தையில் மீன் விலை ஏறி இறங்குவதும், ஒரு நாள் நல்ல மீனும் மறுநாள் பழைய மீனும் வருவதும் பெரும்பாலும் இக்காற்றைப் பொறுத்தவை. ஆடித்தபசு முடிந்து திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் செல்லும் குடும்பத்தார், உறவினர் படகில் ஏறித் தூண்டில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கும்போது, அதற்கான விடையும் காற்றில்தான் இருக்கிறது. ஆகவே காற்றுக்கும் கடலுக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பை விவசாயிகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

மீனின் இயல்பு

கானாங்கெளுத்தி மீனுக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். குமரி மாவட்டத்தில் இதனை அயிலை என்பர். கும்பளா என்று வழங்கும் ஊர்களும் உண்டு. முதுகு நீலப்பச்சை நிறமாகவும், வயிறு வெள்ளியைப் போலவும் இருக்கும். பொதுவாக 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன்களே சந்தைக்கு வருகின்றன. ஓராண்டிலேயே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரை வளர்ந்துவிடும் இம்மீன், ஏழை எளியவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் புரதமும் நல்ல கொழுப்பும் தரக்கூடியது.

இது தனித்துத் திரியும் மீன் அன்று. ஆயிரக்கணக்கில் கூட்டமாகக் கடலின் மேல்மட்டத்தில் திரிவது. வாயைத் திறந்தபடியே நீந்தி, நீரில் மிதக்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களைச் செவுளில் உள்ள சீப்புப் போன்ற உறுப்பினால் வடிகட்டி உண்ணும். ஆகவே நுண்ணுயிர்கள் எங்கே பெருகுகின்றனவோ அங்கே இம்மீன் கூடும். அவை குறைந்தால் கூட்டம் வேறிடம் சென்றுவிடும்.

கடலுக்கும் உண்டு உழவு

நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வெயிலும் உரச்சத்தும் வேண்டும். வெயில் கடலின் மேல்மட்டத்தில் கிடைக்கிறது. ஆனால் தழைச்சத்து, மணிச்சத்து போன்றவை மடிந்த உயிர்களோடு கீழே இறங்கி ஆழத்தில் தங்கிவிடுகின்றன. மேல்மண் சத்திழந்து அடிமண்ணில் சத்துத் தங்கிய வயலைப் போன்றது இந்நிலை. வயலில் இதற்கு ஆழ உழவு செய்கிறோம். கடலில் அவ்வேலையைக் காற்று செய்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கேரளக் கரையிலும் குமரி முனை அருகிலும் மேல்மட்ட நீர் கரையை விட்டு விலகிச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே ஏறி வருகிறது. வெயிலும் சத்தும் ஒன்றுசேர, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சாளையும் கானாங்கெளுத்தியும் அவற்றை உண்டு கொழுக்கின்றன. பருவமழை தணிந்த பின் மேலைக்கடற்கரையில் இம்மீன்கள் மிகுதியாகப் பிடிபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மீனவர் தொழிலைத் தடுக்கும் அதே காற்றுதான் பின்னர் கிடைக்கப் போகும் மீனுக்கு உணவும் அளிக்கிறது.

கரையில் அமைதி, ஆழத்தில் ஆபத்து

கடலில் அலையின் உயரம் மூன்று காரணங்களைப் பொறுத்தது. முதலாவது காற்றின் வேகம். இரண்டாவது அது தொடர்ந்து வீசும் நேரம். மூன்றாவது காற்று தடையின்றி ஓடிவரும் நீர்ப்பரப்பின் நீளம்.

மேலைக்கடற்கரையில் தென்மேற்குக் காற்று பல நூறு கிலோமீட்டர் நீர்ப்பரப்பைக் கடந்து கரைக்கு வருவதால், அலைகள் உயர்ந்து கரையிலேயே மோதுகின்றன. ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. தூத்துக்குடிப் பகுதியில் நிலைமை வேறு. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மலைத்தொடரைக் கடந்தும் வரும் மேல்காற்று, சங்கரன்கோவில், கயத்தாறு வெளிகளில் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுத் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மீனவர்கள் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்று அழைப்பதுண்டு. கரையோரத்தில் இக்காற்று ஓடிவந்த நீர்ப்பரப்பு மிகக் குறைவு. ஆதலால் அங்கே கடல் குளம்போல் அமைதியாகத் தோன்றும். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே சென்றால் அலை உயர்ந்துவிடும்.

வெளியூரிலிருந்து வருபவர் ஏமாறுவது இங்கேதான். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் படகு விரைவாகச் செல்லும்; எரிபொருளும் குறைவாகவே செலவாகும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்து வர வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 20 கிலோமீட்டர் வேகக் காற்றில் நிற்கும் வாழை 40 கிலோமீட்டர் வேகக் காற்றில் சாய்ந்துவிடுவது இதனால்தான். படகுக்கும் இதே கணக்குத்தான். நடுவழியில் இயந்திரம் நின்றுபோனால், மேல்காற்று படகைக் கரைக்குக் கொண்டு வராது. மேலும் மேலும் ஆழ்கடலுக்கே தள்ளிச் செல்லும்.

மீனிருந்தும் வலையில் விழாத நாட்கள்

கானாங்கெளுத்தியைப் பிடிக்க நாட்டுப்படகு மீனவர்கள் பெரும்பாலும் செவுள் வலையைப் பயன்படுத்துகின்றனர். இவ்வலை நீரில் திரைபோல் தொங்கும். மீன் தலையை நுழைத்ததும் செவுள் மாட்டிக்கொள்ளும். கடல் அமைதியாக இருக்கும்போது, நீரின் மேல் தோன்றும் சிலுசிலுப்பையும் பறவைகள் வட்டமிடுவதையும் கண்டு கூட்டம் இருக்கும் இடத்தை மீனவர் அறிந்துகொள்வர். பலத்த காற்றில் கடல் முழுவதும் வெண்ணுரை பூத்துவிடுவதால் இந்த அடையாளங்கள் மறைந்துபோகின்றன. படகு ஒருபுறமும் வலை மறுபுறமும் இழுபட்டு வலை சிக்கிக்கொள்வதும் உண்டு. எண்ணெய்ச் செலவு கூடி, பாடு குறைந்தால் படகுக்காரருக்கு நட்டமே மிஞ்சும். எனவே காற்று கூடிய நாட்களில் பலர் கடலுக்குச் செல்வதில்லை. அன்றாடம் பாடு பார்த்தே பிழைக்கும் குடும்பங்களுக்கு இது மழையற்ற மானாவாரி ஆண்டைப் போன்றது.

அனுபவம் மிக்க மீனவர்கள் காற்றுக்கேற்பக் கடலையே மாற்றிக்கொள்வதும் உண்டு. மண்டபம், பாம்பன் பகுதியில் ஒருபுறம் பாக் நீரிணைப்பு ஓரம் உள்ள வடகடல். மறுபுறம் மன்னார் வளைகுடாவாகிய தென்கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடலிலும், வாடை வீசும் காலத்தில் தென்கடலிலும் அவர்கள் தொழில் செய்கின்றனர். பட்டம் அறிந்து பயிர் செய்வதற்கு இணையான அறிவு இது.

தடைக்காலம் முடிந்தும் விலை குறையாதது ஏன்?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் மீன் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 2001இல் தொடங்கியபோது இது 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நாட்டுப்படகுகளுக்கு இத்தடை இல்லை. தடை முடிந்ததும் மீன் மலிந்துவிடும் என்று பலரும் எதிர்பார்க்கின்றனர். ஆனால் தடை முடியும் நாளும் ஆனி பிறக்கும் நாளும் ஏறத்தாழ ஒன்றே. படகுகள் கடலில் இறங்கும் சமயத்திலேயே காற்றடி காலமும் வந்துவிடுகிறது. காற்று ஓய்ந்த நாட்களில் மீன் வரத்துக் கூடி விலை இறங்கும். காற்று கூடிய நாட்களில் வரத்துக் குறைந்து விலை ஏறும். வீட்டில் விசேஷம் வைத்திருப்போர் இதை மனதில் கொண்டு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

தூண்டிலுடன் செல்வோர் கவனத்துக்கு

ஒரே நரம்பில் ஐந்தாறு சிறு முள்களைக் கட்டி, அவற்றில் பளபளப்பான நூலோ இறகோ சுற்றி மேலும் கீழும் இழுத்தால் கானாங்கெளுத்தி கொத்தும். கூட்டம் அமைந்துவிட்டால் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று மீன்கள்கூட வரும். இந்த உற்சாகத்தில் நேரமும் காற்றும் மறந்துபோவதுதான் ஆபத்து.

புறப்படும் முன் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையைக் கேட்டறிய வேண்டும். மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்று அறிவித்தால், அன்று எந்தப் படகிலும் ஏறக்கூடாது. எச்சரிக்கை இல்லை என்பதாலேயே எல்லாருக்கும் பாதுகாப்பு என்று கொள்ளவும் கூடாது. 30 கிலோமீட்டர் காற்றே சிறு படகுக்குப் பெரும் சோதனை. லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டையை ஒவ்வொருவரும் அணிந்திருக்க வேண்டும். படகின் அடியில் கிடக்கும் சட்டையால் பயனில்லை. ‘இன்று வேண்டாம்’ என்று படகுக்காரர் சொன்னால் கூடுதல் பணம் தருவதாகக் கூறி வற்புறுத்தக் கூடாது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கடலில் வீசியபோது, தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பி வரவில்லை. கடலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்நிலை என்றால், நீச்சல் அறிந்த அளவோடு செல்லும் மற்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காற்று கூடிய நாட்களில் படகுகள் கரை திரும்பத் தாமதமாகும். வரத்துக் குறைவாக இருப்பதால் முந்தைய நாள் மீனும் விற்பனைக்கு வரும். கானாங்கெளுத்தி இந்நிலையில் மற்ற பல மீன்களைவிடக் கெடுதலானது. இதன் தசையில் இயற்கையாகவே உள்ள ஒரு சத்து, ஐஸ் இன்றி வைத்தால் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் என்னும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அவ்வாறு மாறிய பின் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், புளி ஊற்றினாலும் அது அழியாது. உண்ட சிறிது நேரத்திலேயே முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றும். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், தசை அழுத்தினால் குழியாமலும் இருக்கும் மீனையே வாங்க வேண்டும். நாற்றம் இல்லை என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. வெயிலில் தட்டில் பரப்பி வைத்த மீனைவிட, ஐஸில் புதைத்து வைத்த மீனே நம்பத்தக்கது. கடற்கரையிலிருந்து வாங்கி வருவோர் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவில் அடுக்கடுக்காக இட்டு, மூடிய பெட்டியில் கொண்டுவர வேண்டும். துணிப்பையில் கட்டிப் பேருந்தில் மூன்று மணி நேரம் கொண்டு வருவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

கருவாடும் கழிவும்

மேல்காற்றால் ஒரு நன்மையும் உண்டு. மலையின் மறுபுறம் மழையைக் கொட்டிவிட்டு வரும் இக்காற்று ஈரம் குறைந்தது. கருவாடு விரைவில் காயும். மணலில் போட்டுக் காயவைத்த கருவாட்டில் மண்ணும் கிருமியும் ஒட்டும். உயரமான பரணில் வலை விரித்துக் காயவைத்ததே நல்லது. இளஞ்சிவப்புப் புள்ளி படர்ந்த கருவாட்டை வாங்கக் கூடாது. கெட்ட மீனைக் கருவாடாக்கினாலும் அதிலுள்ள நச்சு நீங்காது.

உப்பிடாத மீனின் தலை, குடல் முதலிய கழிவுகளை வீணாக்க வேண்டாம். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம் கலந்து, மூடிய பாத்திரத்தில் நிழலில் மூன்று வாரத்துக்குக் குறையாமல் வைத்தால் மீன் அமிலம் கிடைக்கும். பத்து லிட்டர் நீருக்கு 50 முதல் 100 மில்லி வீதம் கலந்து, காற்று அடங்கிய காலை அல்லது மாலை வேளையில் காய்கறிப் பயிர்களுக்கும் மல்லிகைக்கும் தெளிக்கலாம். கருவாட்டுக் கழிவில் உப்பு மிகுந்திருப்பதால் அதனைப் பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது.

காற்றை நிறுத்த நம்மால் இயலாது. அதன் போக்கை அறிந்து நடந்துகொள்ள இயலும். மேல்காற்று ஓங்கி வீசும் நாளில் மீன் இல்லை என்றால் அன்று பயறும் கீரையும் சமைத்துக்கொள்ளலாம். கடலில் இறங்கும் ஆசையை ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலமும் கழிந்து கடல் தணியும் தை, மாசி வரை தள்ளிவைக்கலாம். அப்போதும் வானிலை அறிவிப்பைக் கேட்ட பின்னரே படகேற வேண்டும்.