பாட்டு வருது, துட்டு வருதா?

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை

ஒரு சின்னக் கேள்வி. ஒரு பாட்டுக்கென்று நீங்கள் கடைசியாகக் காசு கொடுத்தது எப்போது? ரீசார்ஜ் கணக்கைச் சொல்லாதீர்கள், அது டேட்டாவுக்குப் போன காசு. பாடினவர் கைக்குப் போய்ச் சேரட்டும் என்று கொடுத்த காசைக் கேட்கிறேன். எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒரு கை கூட எழும்பவில்லை. "பாட்டுக்கு எதுக்குலே துட்டு?" என்று பின்பெஞ்சில் இருந்து பதில் கேள்விதான் வந்தது.

பாட்டு இன்றைக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரி திறந்தால் வருகிறது. அது எந்த வழியாக வருகிறது, இசைக்காரர்கள் கடையையும் கம்பெனியையும் விட்டுவிட்டு நேராக இன்டர்நெட்டில் கொண்டுவந்து வைத்தபோது கேட்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எனக்குத் தெரிந்த மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவுக்கு ரேடியோ செட் தொழில். மணிமுத்தாறு, ஜமீன் சிங்கம்பட்டி, கல்லிடைக்குறிச்சி பக்கம் கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்றால் குழாய் கட்டப் போவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் இந்தக் கட்டுரையின் பழைய பாதி அப்பா சொன்னது. அந்தக் காலத்தில் பாட்டு சென்னையில் பதிவாகும். கம்பெனி கேசட் போடும். திருநெல்வேலி மொத்த வியாபாரிக்கு வரும். அங்கிருந்து அம்பாசமுத்திரம் கடைக்கு. முழு கேசட் வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, வெற்று கேசட்டோடு கடையில் கொடுத்துவிட்டு வருவார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் பதிந்து வைத்திருப்பார் கடைக்காரர். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பங்கு உண்டு. கடைசியில் பாடினவருக்கு எவ்வளவு என்பது அப்போதும் யாருக்கும் தெரியாதாம்!

இந்தச் சங்கிலியை அறுத்தது ஒரு கணக்கு. நம் துறை நண்பர்களுக்கு இது எளிது. சி.டி.யில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதி, இடம் வலம் என்று இரண்டு சேனலில் வைக்கிறார்கள். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல். எம்.பி.3 முறை என்ன செய்கிறது? ஒரு பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சத்தம் நம் காதில் விழாது. குடத்தில் ஓங்கி அடிக்கும்போது தாளச் சத்தம் அமுங்கிப் போகிறதே, அது மாதிரி. அப்படிக் கேட்காமல் போகிறதை எழுதாமல் விட்டுவிடுகிறது. 128 கிலோபிட்டில் ஒரு நிமிடம் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்கு! அப்புறம் லாரி எதற்கு, கடை எதற்கு?

முதலில் பயந்தது கம்பெனிகள். துணிந்தவர்கள் சில இசைக்காரர்கள். இங்கிலாந்தில் ரேடியோஹெட் என்ற குழு, கம்பெனி ஒப்பந்தம் முடிந்திருந்த நேரத்தில், 2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' என்ற ஆல்பத்தைத் தங்கள் சொந்த இணையதளத்தில் வைத்தது. விலை? "உங்கள் இஷ்டம்." ஒன்றும் கொடுக்காமலும் எடுத்துக்கொள்ளலாம். உலகமே வாயைப் பிளந்தது. சும்மா எடுத்தவர்கள் ஏராளம், கொடுத்தவர்களும் உண்டு. தரம் 160 கிலோபிட்தானே என்று முணுமுணுத்த ரசிகர்களும் உண்டு. இலவசமாகக் கிடைத்த பிறகு யார் சி.டி. வாங்குவார்கள் என்று நினைத்தார்கள் அல்லவா? அடுத்த சில மாதங்களில் அதே ஆல்பம் சி.டி.யாக வந்தபோது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பிடித்தது.

எனக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இல்லை. நம் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. கதை நல்ல இடத்துக்கு வரும்போது ஒருவர் எழுந்து போய் நூறு ரூபாய் கொடுப்பார். உடனே மைக்கில் இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். அவ்வளவுதான், எதிர்வீட்டுக்காரர் 101 கொடுப்பார்! இஷ்டப்பட்ட விலை என்பது நாம் பழகியதுதான். ஒரே ஒரு வித்தியாசம், இணையத்தில் கொடுக்கிறவன் பெயரை மைக்கில் சொல்ல ஆளில்லை. அங்கே வசூல் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

இலவசம் என்றாலே கேட்கிறவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள் என்றும் இல்லை. 2014 செப்டம்பரில் யூ2 என்ற புகழ்பெற்ற குழுவின் புதிய ஆல்பத்தை ஆப்பிள் கம்பெனி ஐம்பது கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் கேட்காமலேயே சேர்த்துவிட்டது. "என் போனில் நான் கேட்காத பாட்டு எப்படி வந்தது?" என்று ஒரே கூச்சல். கடைசியில் அதை அழிப்பதற்கென்றே தனி வழி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. வீட்டு வாசலில் வைத்த பலகாரத்தை எடுத்துச் சாப்பிடலாம். வாயைத் திறந்து ஊட்டினால் துப்பத்தான் செய்வார்கள்.

நம் நாட்டில் டெல்லியைச் சேர்ந்த 'இந்தியன் ஓஷன்' குழு 2010-ல் வேறு மாதிரி செய்தது. ஆல்பத்தின் பெயர் '16/330 கஜூர் ரோடு'. அது அவர்கள் பல வருடம் பாடிப் பழகிய பழைய வீட்டின் விலாசம். மாதம் ஒரு பாட்டு வீதம் இணையத்தில் இலவசமாக விட்டார்கள். தொடர்கதைக்குக் காத்திருப்பது போல ரசிகர்கள் காத்திருந்தார்கள். செலவுக்கு விளம்பரதாரர், வருமானத்துக்கு மேடைக் கச்சேரி.

தமிழர் கதைக்கு வருவோம். மாயா அருட்பிரகாசம், மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்து, போருக்குத் தப்பி மறுபடி லண்டன் போனவர். 2004-ல் அவருடைய முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே, அனுமதி வாங்காத இசைத் துண்டுகளை எல்லாம் ஒட்டித் தைத்த ஒரு கலவையைக் கச்சேரிகளில் கையில் கொடுத்தார்கள். அது இணையத்தில் பரவிப் பெயர் வாங்கிக் கொடுத்தது. தகப்பனார் பெயரால் 'அருளர்' என்ற முதல் ஆல்பம் 2005-ல்தான் வந்தது. 2010 டிசம்பர் 31 அன்று இன்னொரு கலவையை இணையத்தில் இலவசமாக வைத்தார். 2013-ல் 'மாதங்கி' ஆல்பத்தைக் கம்பெனி தாமதம் செய்தபோது, "நானே வெளியே விட்டுவிடுவேன்" என்று மிரட்டினார்! அந்த வருடமே நவம்பரில் அது வெளியானது.

தமிழ்நாட்டில் திருப்பம் 2011 நவம்பர் 16. அனிருத் இசையில் தனுஷ் பாடிய 'கொலவெறி' பாட்டின் அரைகுறைப் பிரதி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. வேறு வழி? பாட்டுப் பதிவுக் காட்சியையே யூடியூபில் அதிகாரபூர்வமாக விட்டார்கள். நடந்தது ஊரறியும். அதே காலத்தில் 'ஹிப்ஹாப் தமிழா' இரட்டையர் சினிமாவுக்கு வருமுன்னே யூடியூபில் ஆள் சேர்த்துக்கொண்டார்கள். 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவைப் பற்றி ஒரு ராப் பாட்டை வெளியிட்டார். இங்கே கேட்டவர்கள் கொடுத்தது காசு அல்ல, மனுவில் கையெழுத்து. தொழிலாளர்கள் பல வருடம் போராடிய விஷயம் அது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு மட்டுமே சாதித்தது என்று சொன்னால் போராடினவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் பல வருடம் கேட்காத காதுகளில் அதைப் போட்டது பாட்டு.

இனி 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் யூடியூபில் வந்தது. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடியது. படம் இல்லை, ஹீரோ இல்லை. சினிமாவுக்கு வெளியே தனிக் கலைஞர்களுக்கென்று தொடங்கிய 'மாஜா' என்ற தளம் வெளியிட்டது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அந்த வாழ்க்கைதான் பாட்டின் வேர். மாஞ்சோலையில் கொழுந்து பறித்த எங்கள் பெரியம்மா என் போனில் இதைக் கேட்டுவிட்டு, "இன்னொரு மட்டம் போடுலே" என்றாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். "இது நம்ம கதைல்லா" என்றாள். 2024-ல் மாஞ்சோலையில் தோட்ட வேலை நின்று, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் மலையை விட்டு இறங்கவேண்டி வந்தபோது, இந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னவர்களை நான் பார்த்தேன்.

கோடிக்கணக்கில் பார்த்த பாட்டு. பெயர் யாருக்கு என்பதில் தகராறு வந்தது. 2021-ல் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை என்று கேட்டவர்களே சண்டை போட்டார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் மேடையிலும் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தது, மறுபடி சண்டை. அப்புறம் 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டால் இதுவரை தங்களுக்கு ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். யார் கணக்கு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான். கடை போய்விட்டது, மொத்த வியாபாரி போய்விட்டார், நடுவில் ஆளே இல்லை என்று நாம் நினைக்கிறோமே, அது தப்பு. நடு ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவே.

நடு ஆளின் கணக்கு எப்படி என்று பார்ப்போம். ஸ்பாட்டிபை போன்ற இடங்களில் சந்தா, விளம்பரம் எல்லாம் ஒரே அண்டாவில் விழும். அதில் தோராயமாக மூன்றில் இரண்டு பங்கை, மொத்தம் ஓடிய பாட்டுகளில் யார் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதத்தில் பிரிப்பார்கள். நீங்கள் மாதம் முழுக்க வில்லிசை மட்டும் கேட்டாலும் உங்கள் காசு வில்லிசைக்குப் போகாது. அண்டாவுக்குப் போய், பெரும் பங்கு பெரிய ஆட்களுக்கே போகும். அதிலும் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பங்கே கிடையாது. மாறாக, 2008-ல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்ற தளம் பழைய கடை மாதிரி. இசைக்காரர் விலை வைப்பார், வாங்குகிறவர் கூடவும் கொடுக்கலாம், சராசரியாக நூற்றுக்கு 82 இசைக்காரருக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

எங்கள் பக்கத்து வில்லிசைக் குழு ஒன்றுக்கு அப்பாதான் வழக்கமாக மைக் கட்டுகிறவர். முத்துப்பட்டன் கதை பாடுவதில் அந்த அண்ணாவியை அடிக்க ஆள் கிடையாது. காரையாறு சொரிமுத்தையனார் கோயில் பக்கத்துக் கதையாச்சே, விடிய விடிய ஜனம் நகராது. இரண்டு வருடத்துக்கு முன் கூட்டத்தில் யாரோ போனில் எடுத்து யூடியூபில் போட்டுவிட்டார்கள். குழுவின் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை. துபாயில் இருந்தெல்லாம் கருத்து எழுதியிருக்கிறார்கள். அண்ணாவிக்கு முதலில் சந்தோஷம்தான். அடுத்த கொடைக்கு முன்பணம் பேசப் போன இடத்தில், "யூடியூப்ல கெடக்கதுதான, கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க" என்றிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இத்தன பேரு பாத்திருக்கான்னு சொல்லுத. துட்டு எங்கலே போச்சு?" என்று என்னைத்தான் கேட்டார், நான் என்னவோ அந்தக் கம்பெனி மேனேஜர் மாதிரி!

பதில் தேடினேன். முத்துப்பட்டன் கதை யாருக்கும் சொந்தமில்லை, ஊர்ச் சொத்து. ஆனால் அதை அன்று ராத்திரி அவர் பாடியது அவர் சொத்து. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் நிகழ்த்துநர் உரிமை என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். 38-வது பிரிவு. நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டில் இருந்து 50 வருடம் அந்த உரிமை உண்டு. சொந்தத்துக்குக் கேட்க, செய்திக்கு என்று சில விலக்கு தவிர, அவர் சம்மதம் இல்லாமல் பதிந்து வெளியிட முடியாது. இதைப் படித்துச் சொன்னபோது அண்ணாவி நம்பவில்லை. "நமக்கா? சட்டத்துலயா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இனி அவரே சொந்தச் சேனல் தொடங்கினால்? யூடியூபில் விளம்பரப் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர், கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை வேண்டும். அதன் பிறகு சேனலில் வரும் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55. நான்கு மணி நேர முத்துப்பட்டன் கதையை 1000 பேர் முழுசாகக் கேட்டால் 4000 மணி ஆகிவிடும். ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கேட்பார்கள் என்றால் 24,000 பேர் வேண்டும். அதனால் கதையைக் கட்டம் கட்டமாக வெட்டிப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். வெட்டக்கூடாது என்கிறார் அண்ணாவி. சாமி கதையைப் பாதியில் நிறுத்தக்கூடாதாம். படத்தின் மூலையில் யு.பி.ஐ. கட்டம் வைத்து, அன்பளிப்பு தருகிறவர் பெயரை அடுத்த கொடையில் மைக்கில் சொல்லலாம் என்றது என் யோசனை. அது அவருக்குப் பிடித்துவிட்டது.

போனில் நேராகப் பதியக்கூடாது. போனில் உள்ள தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு, குடம் அடிக்கும்போது குரலை அமுக்கும், உடுக்கு நின்றதும் கூட்டத்து இரைச்சலைத் தூக்கும். அப்பாவின் மிக்சரில் இருந்து தனி வயர் இழுத்து ரெக்கார்டரில் போட்டால் சுத்தமாக வரும். வருகிற கொடைக்கு வயர் வாங்கியாச்சு. அண்ணாவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: படத்துக்குக் கீழே தன் பெயரோடு குடம் அடிக்கிறவர், உடுக்கு, தாளம், கட்டை, பின்பாட்டு என்று எல்லார் பெயரும் வரவேண்டும், மைக் கட்டுகிறவர் பெயரும் சேர்த்து.