ஈரலைக் காட்டும் ஒலி

அரிவு வெட்டுக் காலத்தில் வலப்பக்க விலாவின் கீழ் நோவு வந்தால், "மூட்டை தூக்கின பிடிப்பு" என்று எண்ணெய் தடவிக்கொண்டு வயலுக்குப் போகிறவர்களே எம்மில் அதிகம். நோவுடன் காய்ச்சலும் இருந்தால் அதைப் பிடிப்பென்று விட்டுவிடக் கூடாது. ஈரலில் சீழ் கட்டியிருக்கவும் கூடும். வைத்தியர் ஸ்கான் எடுக்கச் சொன்னதும் பயந்து வீடு திரும்புகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் நீங்கவே இதை எழுதுகின்றோம்.

ஆட்டு ஈரலை எல்லோரும் கண்டிருப்போம். மனித ஈரலும் அதே கருஞ்சிவப்புத்தான். வளர்ந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறை. வலப்பக்க விலா எலும்புகளின் பின்னே மறைந்திருக்கிறது. அதன் வலப்பாகம் பெரியது, இடப்பாகம் சிறியது. இரண்டு வாய்க்கால் பாயும் வயலைப் போல, ஈரலுக்கும் இரண்டு வழியாக இரத்தம் வருகிறது. ஒன்று இருதயத்திலிருந்து வருவது. மற்றது குடலிலிருந்து வருவது. ஈரலுக்குள் வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு இதன் வழியேதான். உண்ட உணவின் சத்து வருகின்ற இதே வாய்க்காலில் குடலிலுள்ள கிருமியும் வந்து சேரலாம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் கடலடிக்கு ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அறிகின்றன. இந்த ஸ்கானும் அவ்வாறே, எமது காதுக்குக் கேளாத ஒலியால் வேலை செய்கிறது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை. கர்ப்பிணித் தாய்மாருக்கு எடுப்பதும் இதுவே. தோலுக்கும் கருவிக்கும் இடையில் காற்றிருந்தால் ஒலி உள்ளே போகாது. குளிர்ந்த பசை பூசுவது அதனால்தான்.

சுகமான ஈரல் திரையில் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரியும். திரவத்திலிருந்து எதிரொலி வராதபடியால் இரத்தக் குழாய்களும் பித்தப்பையும் கறுப்பு. கொழுப்புப் படிந்த ஈரல், பக்கத்துச் சிறுநீரகத்தை விட வெளிறித் தெரியும். நெடுநாட் குடியால் சுருங்கிய ஈரலின் ஓரம் மேடுபள்ளமாகும். அமீபாச் சீழ்க்கட்டியோ வட்டமாக, சுற்றியுள்ள ஈரலை விடக் கருமையாக, பெரும்பாலும் வலப்பாகத்தில் இருக்கும். குடல் இரத்தம் கூடுதலாகப் பாய்வது அப்பக்கம்தானே.

யாழ்ப்பாணத்தில் இந்நோயாளரைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, அமீபாவே காரணம் என உறுதிசெய்தது. நோயாளர் அநேகமாக ஆண்கள். உள்ளூர் மது பாவித்தவர்கள். ஆகவே தவறணைக்குப் போவதை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். குடிக்காதவருக்கும் இது வரலாம். மலம் கலந்த நீரிலும் உணவிலும் அமீபா பரவுகிறது. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர்களுக்குப் பொது மலகூடத்தின் கதையை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயிற்றோட்டமே இல்லாமலும் ஈரலில் சீழ் கட்டலாம். வலத் தோள்மூட்டில் நோவெடுப்பதும் உண்டு.

ஸ்கான் கட்டியைக் காட்டுமே தவிர, அது எந்தக் கிருமியால் வந்தது என்று சொல்லாது. அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். முன்பு மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சுக்குக் காத்திருந்த காலமும் போய்விட்டது. பாலங்கள் வந்தபின் பஸ்ஸிலேயே போய் வரலாம்.

அநேகருக்கு மெற்றோனிடசோல் மருந்தால் சுகம் வரும். பெரிய கட்டியானால் ஊசியால் சீழை எடுப்பார்கள். காய்ச்சல் விட்டு, பசியெடுத்து, வயலுக்குத் திரும்பிய பின்பும் அந்தக் கரிய வட்டம் ஸ்கானில் பல மாதங்கள் தெரியக்கூடும். அது ஆறிவரும் இடம்.