பிரசவத்துக்கு வரும் மகளும் பழைய ஜன்னல் பெயின்ட்டும்

வளைகாப்பு முடிந்து மகள் தாய் வீட்டுக்கு வரப்போகிறாள் என்றால், பல வீடுகளில் முதல் போன் பெயின்டருக்குத்தான் போகிறது. வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். பாத்ரூமுக்குப் புது டைல்ஸ், அறைக்கு ஏசி, ஜன்னல்களுக்குப் புது எனாமல். ‘பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் கட்டுமான வேலை ஆகாது’ என்று பாட்டி முணுமுணுத்தால், மூடநம்பிக்கை என்று வாயை அடைத்துவிடுவோம். பாட்டி சொல்லும் காரணம் எனக்கும் ஏற்புடையதல்ல. ஆனால் ஜன்னல் விஷயத்தில் வேதியியல் அவர் பக்கம் நிற்கிறது.

பெயின்ட் என்றாலே நாம் பயப்படுவது வாசனைக்கு. தின்னரிலிருந்து கிளம்பும் ஆவி கர்ப்பிணிக்கு ஆகாது என்பது சரிதான். நன்றாகக் காற்றோட்டம் இருந்தால் அது நாளடைவில் குறைந்துவிடும். எளிதில் போகாதது, புது பெயின்ட் அடிக்குமுன் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற பழைய பெயின்ட்டின் தூள். அதில் காரீயம் இருக்கலாம்.

வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை நம்ப முடியாது. சுவரில் அடித்த சுண்ணாம்பு பற்றிக் கவலை வேண்டாம். சந்தேகப்பட வேண்டியவை கதவு, ஜன்னல், கிரில் கேட். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்றால் இன்னும் சந்தேகம். பளிச்சென்ற மஞ்சளுக்காகச் சேர்த்த லெட் குரோமேட் காரீயச் சேர்மம்தான். முப்பது வருஷ ஜன்னலில் பெயின்ட் பெயர்ந்த இடத்தை உற்றுப் பாருங்கள்: மேலே தந்த நிறம், அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். உப்புத்தாள் எல்லா அடுக்கையும் சேர்த்தே பொடியாக்குகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குழந்தைகள் காரீய நஞ்சால் நோயுற்றபோது, அது வீட்டு வராந்தாக் கம்பிகளிலும் சுவர்களிலும் அடித்த பெயின்ட்டிலிருந்து வருகிறது என்று லாக்கார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இலேயே எழுதினார். வெயிலில் காய்ந்து தூளாகும் பெயின்ட் பிஞ்சுக் கைகளில் ஒட்டி வாய்க்குப் போனது. உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்கா வீட்டு பெயின்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல்தான்.

கர்ப்பிணிக்கு மட்டும் ஏன் தனிக் கவலை? உடம்புக்குக் காரீயத்தையும் கால்சியத்தையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே போன காரீயத்தில் பெரும்பகுதி எலும்பில் தங்கி, பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். பிறக்கும் குழந்தையின் உடலில் சுமார் 30 கிராம் கால்சியம் இருக்கும். பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் சேர்வது. அந்தச் சமயத்தில் தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும்போது பழைய காரீயமும் கூடவே ரத்தத்துக்கு வருகிறது. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை.

இதை நிரூபித்த ஆய்வு அழகானது. ஆஸ்திரேலிய மண்ணின் காரீயமும் கிழக்கு ஐரோப்பாவின் காரீயமும் ஐசோடோப்பு விகிதத்தில் வேறுபடும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிக் கருவுற்ற பெண்களின் ரத்தத்தை பிரயன் கல்சன் குழுவினர் தொடர்ந்து சோதித்தார்கள். கர்ப்பகாலத்தில், பழைய ஊரில் எலும்பில் சேர்ந்த காரீயம் ரத்தத்தில் தலைகாட்டியது. 1997இல் முடிவுகள் வெளியாயின. சிறுமியாக இருந்தபோது அதே ஜன்னலோரம் விளையாடிய மகளின் எலும்பிலும் இப்படி ஒரு பாக்கி இருக்கலாம். அதன்மேல் புதுத் தூளையும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் விஷயம். கால்சியமும் இரும்பும் குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகளை விடாமல் சாப்பிட இதுவும் ஒரு காரணம்.

பிறகு குழந்தை தவழும். தரை இடுக்கிலும் ஜன்னல் பள்ளத்திலும் தங்கிய தூள் அப்போது வேலையைக் காட்டும். பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேர்கிறது. சிறு குழந்தைக்குப் பாதியளவு வரை சேரலாம். அது தாக்குவது வளரும் மூளையை. இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருப்பதாக யுனிசெஃப், ‘பியூர் எர்த்’ அமைப்புகளின் 2020 அறிக்கை மதிப்பிட்டது. பெயின்ட் மட்டுமே காரணமல்ல, பேட்டரி உருக்கும் பட்டறைகளும் மசாலாக் கலப்படமும் உண்டு. ஆனால் பெயின்ட் நம் கையில் இருப்பது.

வேலை நடந்தே ஆக வேண்டுமா? மகள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பெயின்ட் உரியாமல் இருந்தால் சுரண்டாமல் மேலேயே அடிக்கலாம். சுரண்டியே தீர வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, ஈரமாகச் சுரண்டச் சொல்லுங்கள். கீழே பாலித்தீன் தாள் விரியுங்கள். நெருப்பு காட்டி உரிப்பது கூடவே கூடாது, காரீயம் புகையாகிவிடும். வேலை முடிந்ததும் விளக்குமாற்றை எடுக்காமல் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், ஒரு முறைக்கு இரு முறை. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் விதி பொருந்தாது. ஆகவே வாங்குமுன் டப்பாவில் காரீய அளவு பற்றிய வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயின்டருக்குத் துணி கட்டிக்கொண்டால் போதாது, என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கிளம்புமுன் கை, முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்தத் தூள் அவர் சட்டையோடு அவர் பிள்ளைகளிடம் போய்ச் சேரக் கூடாது.