கையேடும் நிரலே

யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டு வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே அமைப்பு: பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று போய், ‘பிழைகள்’, ‘உரிமையாளர்’ என்ற தலைப்புகளில் முடியும். கட்டளை எங்கே சொதப்பும், அதற்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள்.

இந்த ஒழுங்கு இன்றைய திறமூல மென்பொருள்கள் பலவற்றில் இல்லை. 2017-ல் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய கருத்தாய்வில், அரைகுறையான அல்லது காலாவதியான ஆவணங்களைச் சந்தித்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர் ஆவணம் எழுதுவதே இல்லை, அல்லது எப்போதாவதுதான் எழுதுகிறோம் என்றார்கள்.

இதற்குச் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. நிரலில் தவறு செய்தால் சோதனை தோற்கும்; உடனே தெரிந்துவிடும். கையேட்டில் ஒரு வரி பொய்யானால் எந்த எச்சரிக்கையும் வராது. பயனர் முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும்.

பைத்தான் மொழியின் கையேட்டுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கி 2008-ல் வெளியிட்ட ஸ்பிங்ஸ் என்ற கருவி நிரலுக்கும் கையேட்டுக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் குறைத்தது. ஆவணங்களை எளிய உரைக் கோப்புகளாக எழுதி, நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே வைக்கலாம். அதிலிருந்து இணையப் பக்கம், பிடிஎஃப், மின்னூல் மூன்றும் உருவாகும். உள் இணைப்பு அறுந்தால் எச்சரிக்கை வரும். இதையெல்லாம்விட முக்கியமானது, கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுகளை அது உண்மையிலேயே இயக்கிப் பார்க்கும் வசதி. விடை மாறினால் சோதனை தோற்கும். 2016-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் ஆவணங்களும் ஸ்பிங்ஸுக்கு மாறத் தொடங்கின.

2010-ல் தொடங்கிய ‘ரீட் த டாக்ஸ்’ சேவை, களஞ்சியத்தில் மாற்றம் நிகழும்போதெல்லாம் பக்கங்களைத் தானாகவே புதுப்பிக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு வைத்திருப்பதால், பழைய பதிப்பை வைத்திருப்பவர் புதிய விளக்கத்தைப் படித்துக் குழம்ப வேண்டியதில்லை.

கருவி அமைந்துவிட்டது, எதை எழுதுவது? டேனியேலே புரோசிடா வகுத்த ‘டயாடாக்ஸிஸ்’ முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது. புதியவரைக் கைபிடித்து நடத்தும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் தகவல் பட்டியல், ஏன் இப்படி அமைத்தார்கள் என்ற விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கொட்டினால் யாருக்கும் பயன்படாது. பாடம் படிக்க வந்தவர் இருபது விருப்பத்தேர்வுகளைப் பார்த்து மிரள்வார். ஒரேயொரு விருப்பத்தேர்வைத் தேடி வந்தவர் பாடம் முழுவதையும் புரட்டுவார்.

எடுத்துக்காட்டு ஓடுகிறதா என்று இயந்திரம் சொல்லிவிடும். படிப்பவருக்குப் புரிகிறதா என்று அதற்குத் தெரியாது. அதை அறிய, மென்பொருளை முதன்முறையாக நிறுவும் ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பதே வழி. எழுதியவருக்குப் பழகிப்போனதால் விட்டுப்போன படி எதுவென்று, அவர் தடுமாறும் இடம் காட்டிக்கொடுக்கும். விட்டுப்போன அந்தப் படியை அவரையே எழுதச் சொன்னால், திட்டத்துக்கு ஒரு புதிய பங்களிப்பாளரும் கிடைப்பார்.