கிளாரினெட் பாகங்களை மேம்படுத்தல்

கிளாரினெட் ஒற்றை ரீடு பொருத்தி ஊதப்படும் துளைக்கருவி ஆகும். மவுத்பீஸ், பேரல், மேல் உடல், கீழ் உடல், பெல் என ஐந்து துண்டுகளாக இதைக் கழற்றிப் பூட்டலாம். இதனால் கருவி முழுவதையும் மாற்றாமல், ஒரு துண்டை மட்டும் மாற்றி நாதத்தையும் சுருதியையும் திருத்திக்கொள்ள முடியும். ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரு வகைக் குறையை மட்டுமே தீர்க்கும். எந்தக் குறைக்கு எந்தத் துண்டு என்று அறியாமல் வாங்கினால் பணம் செலவாகும், குறை அப்படியே நிற்கும். சில நேரம் இருந்த சுருதியும் கெடும்.

தமிழ்நாட்டில் கிளாரினெட்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1700 ஆம் ஆண்டையொட்டி யோகான் கிறிஸ்தோப் டென்னர் உருவாக்கிய கருவியாகக் கிளாரினெட் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் 19 ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் இது இடம்பெற்றது. அதைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பர். 1931 இல் பிறந்த ஏ. கே. சி. நடராஜன் இதைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தினார். 'கிளாரினெட் எவரெஸ்ட்' எனப் போற்றப்பட்ட அவருக்கு 2008 இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022 இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. கல்யாண ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் வாசிக்கும் பேண்டு குழுக்களிலும் கிளாரினெட் உண்டு.

கர்நாடக இசையில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ இடைவிடாமல் ஒலிப்பதால், சிறிய சுருதிப் பிசகும் உடனே காதில் விழும். எனவே பாகங்களைத் தேர்வதில் இங்கு கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

நீளமும் சுருதியும்

குழலுக்குள் அதிரும் காற்றுத்தம்பத்தின் நீளம் கூடினால் சுருதி இறங்கும், குறைந்தால் ஏறும். அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட் எனப்படும். பி-பிளாட் கிளாரினெட்டில் எல்லாத் துளைகளையும் மூடி எழுப்பும் மிகத் தாழ்ந்த சுரத்துக்குக் காற்றுத்தம்பம் சுமார் 58 செ.மீ. மேல் உடலின் உச்சியில் பிறக்கும் சுரத்துக்கு அது சுமார் 21 செ.மீ. மட்டுமே.

பேரலை 1 மி.மீ. வெளியே இழுத்தால் நீளமான காற்றுத்தம்பத்தின் சுரம் சுமார் 3 சென்ட் இறங்கும். குறுகிய காற்றுத்தம்பத்தின் சுரமோ சுமார் 8 சென்ட் இறங்கும். இழுப்பு ஒன்றுதான் என்றாலும் எல்லாச் சுரங்களும் ஒரே அளவு நகர்வதில்லை. எந்தத் துண்டை மாற்றுவது என்ற முடிவுக்கு இதுவே அடிப்படை.

வெப்பமும் சுருதியை மாற்றும். குழலுக்குள் உள்ள காற்று 25 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்கு உயர்ந்தால் சுருதி சுமார் 14 சென்ட் ஏறும். ஆகவே கருவியைச் சில நிமிடங்கள் ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதியைச் சோதிக்க வேண்டும்.

முதலில் காற்றுக் கசிவு

எதையும் வாங்கும் முன் கசிவைச் சோதிப்பது முறை. மேல் உடலின் விரல் துளைகளை மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய பிடிப்பு சில நொடிகள் நின்றால் பேட்கள் சரியாக மூடுகின்றன. உடனே விட்டுப்போனால் கசிவு உள்ளது. கசிவுள்ள கருவியில் தாழ்ந்த சுரங்கள் எளிதில் பேசா, கீச்சொலி எழும். விலை உயர்ந்த மவுத்பீஸ் இதைத் தீர்க்காது. பேட், கார்க், ஸ்பிரிங் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பதே தீர்வு.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்கள் போன்ற உவர்க்காற்று வீசும் இடங்களில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் எஃகு ஊசி ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும், பேட்கள் ஊதிச் சிதையும். வாசித்து முடித்ததும் உள்ளே துணி இழுத்துத் துடைப்பதும், சாவிகளை உலர்ந்த துணியால் ஒற்றுவதும், பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பதும் பாகங்களின் ஆயுளைக் கூட்டும்.

ரீடு

நாகசுர வித்வான் தம் கருவியின் நாதம் சரியில்லை என்றால் முதலில் சீவாளியைத்தான் மாற்றிப் பார்ப்பார். கிளாரினெட்டுக்கும் அதே வரிசை பொருந்தும். ரீடு நாணல் இனத் தண்டிலிருந்து செதுக்கப்படுகிறது. 2, 2½, 3 என்னும் எண்கள் அதன் விறைப்பைக் குறிக்கும். மிக மென்மையான ரீடு மேல் சுரங்களில் இறங்கிப் பேசும், நாதம் மெலியும். மிக விறைப்பான ரீட்டில் காற்றுச் சத்தம் கலக்கும், உதடு விரைவில் களைக்கும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. செலவு குறைவான மாற்றம் இது. விளைவோ உடனே தெரியும்.

மவுத்பீஸ்

நாதத்தின் தன்மையை மிகுதியாகத் தீர்மானிப்பது மவுத்பீஸ். பெரும்பாலும் எபோனைட் எனப்படும் கடின ரப்பரால் செய்யப்படும் இதில் மூன்று அளவுகள் முக்கியம்: நுனித் திறப்பு, ரீட்டிலிருந்து விலகி வளையும் பரப்பின் நீளம், உள்ளறையின் கொள்ளளவு. நுனித் திறப்பு பொதுவாக 1 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். அகன்ற திறப்புடன் மென்மையான ரீடு சேர்ந்தால் உதட்டால் சுரத்தை வளைப்பது எளிது. கமகம் வாசிப்பவருக்கு இது உதவும், ஆனால் சுருதியை நிலையாகப் பிடிப்பது கடினமாகும். குறுகிய திறப்பில் சுரம் நிலையாக நிற்கும், வளைவது குறையும்.

சில தயாரிப்பாளர்கள் ஒரே வடிவ மவுத்பீஸை 440, 442 ஹெர்ட்ஸ் என இரு சுருதிகளுக்கு ஏற்பச் செய்கின்றனர். இரண்டுக்கும் வேறுபாடு சுமார் 8 சென்ட். கருவி எப்போதும் சற்றே ஏறி ஒலிக்கிறது என்றால் இந்த விவரத்தைக் கவனிப்பது பயன் தரும். ரீட்டைப் பிடிக்கும் லிகேச்சரின் பங்கு சிறியது. அது ரீட்டை நழுவாமல் சமமாகப் பிடித்தால் போதும்.

பேரல்

பி-பிளாட் கிளாரினெட்டின் பேரல் பொதுவாக 64 மி.மீ. முதல் 67 மி.மீ. வரை நீளமுள்ளது. கருவி முழுவதும் சிறிதளவு ஏறியோ இறங்கியோ ஒலித்தால் 1 மி.மீ. வேறுபாடுள்ள பேரல் உதவும். பேரலின் உள்துளை மேலிருந்து கீழ் சற்றுக் குறுகும் வகையும் உண்டு. கிளாரினெட்டில் ஒரே விரலமைப்பில் மேல் பகுதிக்குச் செல்லும்போது சுரம் ஓர் ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாண்டும். இந்த இடைவெளியில் பிசகு இருந்தால் அதைத் திருத்தவே உள்துளை இவ்வாறு அமைக்கப்படுகிறது.

பாடகரின் கட்டைக்கு ஏற்பச் சுருதியை மாற்ற நீளமான பேரல் வாங்குவது தவறு. 2½ கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்க 100 சென்ட் வேண்டும். மேலே கண்ட கணக்கின்படி 12 மி.மீ. கூட்டினால் உச்சிச் சுரம் 100 சென்ட் இறங்கும், மிகத் தாழ்ந்த சுரமோ சுமார் 35 சென்ட் மட்டுமே இறங்கும். சுரங்களுக்கிடையே உள்ள உறவே சிதைந்துவிடும். கட்டை மாறினால் விரலமைப்பை மாற்றி வாசிக்க வேண்டும், அல்லது அந்தச் சுருதிக்கான வேறு கிளாரினெட்டை எடுக்க வேண்டும்.

பெல்லும் உடலும்

நாகசுரத்தின் அணசைப் போலப் பெல் கண்ணில் பெரிதாகப் படும். ஆனால் பெரும்பாலான சுரங்களின் ஒலி திறந்த துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. எனவே பெல்லின் விளைவு எல்லாத் துளைகளும் மூடிய மிகத் தாழ்ந்த சுரத்திலும், அதே விரலமைப்பில் பிறக்கும் மேல் சுரத்திலுமே தெளிவாகத் தெரியும். அவ்விரண்டும் பிசகினால் மட்டுமே பெல்லைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரே ஒரு சுரம் மட்டும் பிசகினால் எந்தத் துண்டையும் மாற்ற வேண்டியதில்லை. பேட் போதுமான உயரம் திறக்காவிட்டால் அந்தச் சுரம் அமுங்கி இறங்கும். உயரத்தைச் சரிசெய்தால் தீரும். ஏறி ஒலிக்கும் சுரத்தின் துளை ஓரத்தில் சிறிது மெழுகு வைத்து இறக்கலாம். நாகசுரத்தின் அடிப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்துச் சரிசெய்யும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே.

குறையும் தீர்வும்

தாழ்ந்த சுரங்கள் பேசவில்லை: கசிவு, பேட்.
நாதம் மெலிந்தோ கரகரத்தோ உள்ளது: ரீடு, பிறகு மவுத்பீஸ்.
கருவி முழுவதும் சிறிது ஏறி அல்லது இறங்கி ஒலிக்கிறது: மவுத்பீஸ், பேரல்.
மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் இடையே பிசகு: பேரலின் உள்துளை, மவுத்பீஸ்.
மிகத் தாழ்ந்த சுரம் மட்டும் பிசகு: பெல்.
ஏதேனும் ஒரு சுரம் மட்டும் பிசகு: அந்தத் துளை, அதன் பேட்.

எந்தப் பாகத்தை வாங்கினாலும் தம் கருவியிலேயே பூட்டி, சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, மூன்று ஸ்தாயிகளிலும் சட்ஜ பஞ்சமங்களை நிறுத்தி வாசித்துப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றினால்தான் எது உதவியது என்பது தெரியும்.