உடலை மீட்கவே ஒரு மாதம்! பனிமலையில் உயிர் விட்ட திருச்சி மேஜர்

திருச்சி கண்டோன்மெண்ட்டில் மேஜர் சரவணன் நினைவுச் சின்னத்தைத் தாண்டி தினமும் எத்தனையோ பேர் பஸ்சில் போகிறார்கள். "யாரு இவரு?" என்று கேட்டால், "கார்கில் சண்டையில இறந்தவரு" என்பதோடு சரி. நடந்தது இதுதான்:

1999-ம் ஆண்டு மே 29. லடாக்கில் பட்டாலிக் பகுதி. அங்கே ஜூபார் என்ற மலை. 14 ஆயிரம் அடி உயரம். சும்மா ஏறினாலே மூச்சு முட்டும். உச்சியில் பாகிஸ்தான் படையினர் பங்கர் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பீகார் ரெஜிமெண்டின் 1-வது பட்டாலியன் வீரர்களுடன் சரவணன் ஏறினார். வயது 26-தான்!

மேலேயிருந்து சரமாரியாகச் சுட்டார்கள். சரவணன் ராக்கெட் லாஞ்சரால் தாக்கியதில் எதிரிகள் 2 பேர் செத்து விழுந்தனர். குண்டுச் சிதறல் அவர் வயிற்றில் பாய்ந்தது. அப்பவும் பின்வாங்கவில்லை. மேலும் 2 பேரை வீழ்த்தினார். தலையில் பாய்ந்த குண்டுதான் அவரைச் சாய்த்தது.

கொடுமை அதோடு முடியவில்லை. எதிரி உச்சியில் இருக்கும்போது உடலை எடுக்கப் போனால், போகிறவர் உயிருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஒரு மாதத்துக்கும் மேல் உடல் மலைச்சரிவிலேயே கிடந்தது. திருச்சியில் குடும்பத்தார் காத்துக் கிடந்தார்கள்.

ஜூலையில்தான் உடல் மீட்கப்பட்டது. அதே மாதம் ஜூபாரும் நம் வசமானது. பிடித்தது யார் தெரியுமா? அவருடைய அதே 1-வது பீகார் பட்டாலியன்!

சரவணனுக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.